வணிகர் விட்டுச்சென்ற வாசிப்பு இல்லம்

பிரித்தானிய மண்ணில் வாழும் நாம் நம் பிள்ளைகளை நகர நூலகங்களுக்கு அழைத்துச் செல்கின்றோம். எவரும் உட்செல்லலாம், கட்டணம் இல்லை. இன்று இது நமக்கு இயல்பாகத் தோன்றுகின்றது. ஆயின், 17ஆம் நூற்றாண்டில் நூல்கள் பெரும்பாலும் செல்வர் மனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தேவாலயங்களிலுமே இருந்தன. அந்நாளில் மான்செஸ்டர் நகரின் பழைய இல்லம் ஒன்று பொது நூலகமாக மலர வழிசெய்தவர் ஹம்பிரி சீத்தம் என்னும் வணிகப் பெருமகனார் ஆவார்.

அவர் 1580ஆம் ஆண்டில் மான்செஸ்டரை அடுத்த கிரம்சல் என்னும் ஊரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மான்செஸ்டர் கிராமர் பாடசாலையில் பயின்றபின், துணி வணிகர் ஒருவரிடம் தொழில் பழகினார். பின்னர் தம் சகோதரர் ஜோர்ஜுடன் கூட்டுச் சேர்ந்தார். அப்பகுதியில் நெய்யப்பட்ட பஸ்டியன் என்னும் தடித்த துணியை ஹம்பிரி வாங்கி அனுப்ப, ஜோர்ஜ் இலண்டனில் விற்றார். நேர்மையாலும் உழைப்பாலும் பெருஞ்செல்வம் சேர்ந்தது. எனினும் அவர் பட்டம் பதவிகளை நாடவில்லை. வீரப்பட்டம் ஏற்க மறுத்தமைக்காக 1631இல் தண்டப் பணமும் செலுத்தினார்.

அவர் திருமணம் செய்யவில்லை. ஆயினும் தம் வாழ்நாளிலேயே ஏழைச் சிறுவர் பலருக்கு உணவும் உடையும் கல்வியும் அளித்து வந்தார். தமக்குப் பின் இச்சிறுவரைக் காப்பவர் யார் என்னும் கவலை அவர் உள்ளத்தை வருத்தியது. அவர்களுக்கு நிலையான ஓர் இல்லம் வேண்டுமென விரும்பினார்.

அவர் கண் நகர நடுவே இருந்த ஒரு பழைய கட்டடத்தில் பதிந்தது. அது 1421ஆம் ஆண்டில் தேவாலயக் குருமார் வாழ்வதற்கெனக் கட்டப்பட்டது. 1547இல் குருமார் சபை கலைக்கப்பட்டபின் டார்பிப் பிரபுக்களின் மனையாயிற்று. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது சிறைச்சாலையாகவும் ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்டுச் சிதைந்தது. அதனை வாங்கச் சீத்தம் பெரிதும் முயன்றார்; கைகூடவில்லை.

எனினும் அவர் மனம் தளரவில்லை. 1651ஆம் ஆண்டு டிசம்பரில் தம் விருப்பங்களைத் தெளிவாக உயிலில் எழுதி வைத்தார். 40 ஏழைச் சிறுவரை வளர்த்துக் கற்பிக்க ஒரு பாடசாலை; கற்க விழைவோர்க்கு ஒரு நூலகம். நூல்கள் வாங்க 1,000 பவுண் ஒதுக்கினார். அக்காலத்தில் அது பெருந்தொகை. நூலகர் வாசகரிடம் யாதொரு கட்டணமும் கேட்கலாகாது என்றும் விதித்தார். 1653 செப்டம்பரில், தம் கனவு நனவாகுமுன்னரே அவர் மறைந்தார்.

பொறுப்பேற்ற சான்றோர் அவரைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே அக்கட்டடத்தை வாங்கிச் செப்பனிட்டனர். நிலத்தின் ஈரம் நூல்களைத் தாக்காதிருக்க, நூலகத்தை மேல்தளத்தில் அமைத்தனர். களவு போகாதிருக்க நூல்களைச் சங்கிலியால் அலுமாரிகளோடு பிணைத்தனர். ஆதலின் வாசகரே நூல் இருக்குமிடம் செல்ல வேண்டியிருந்தது. அவர்கள் தூக்கிச் செல்வதற்கென, கைபிடிக்கும் துளையுடன் 24 மர முக்காலிகள் செய்யப்பட்டன. பிற்காலத்தில் பாடசாலைச் சிறுவரே பார்வையாளர்க்கு நூலகத்தைச் சுற்றிக் காட்டி வந்தனர்.

1845ஆம் ஆண்டுக் கோடையில் கார்ல் மார்க்சும் பிரெட்ரிக் எங்கெல்சும் இந்நூலகத்தின் சாளர ஓரத்து மேசையில் அமர்ந்து பொருளியல் நூல்களைப் பயின்றனர். ஒரு வணிகர் தந்த செல்வம், வணிக முறையையே எதிர்த்து ஆராய்ந்தோர்க்கும் வேறுபாடின்றிப் பயன்பட்டது. இதுவன்றோ பொது நூலகத்தின் பெருமை!

பாடசாலை 1969இல் இசைப் பள்ளியாக மாற்றம் பெற்றது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் மிகப் பழைய பொது நூலகம் எனப் போற்றப்படும் இங்கு 1,00,000க்கு மேற்பட்ட நூல்கள் உள்ளன. முன்கூட்டியே அறிவித்துச் செல்லும் வாசகர்க்கு இன்றும் கட்டணம் இல்லை.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! தாம் காண இயலாத பிள்ளைகளுக்காகச் சீத்தம் பொருள் சேர்த்தார். அவர் மறைந்தபின் பிறர் அவர் சொல்லைக் காத்தனர். கொடுப்போரும் காப்போரும் இணைந்தாலன்றிக் கல்விப் பணி நிலைக்காது. நம் தமிழ்ப் பாடசாலைகளும் அவ்வாறே வாழ்கின்றன. பெற்றோரும் ஆசிரியரும் இன்று தருவதை நாளை காக்க வேண்டியவர்கள் நீங்களே. அவ்வில்லத்தை ஒருமுறையேனும் சென்று காண்போமாக!