தீப்பொறி தவிர்த்த மேதை

இலக்கணம் கற்பிக்கும் நமக்கு மின்னியலில் என்ன வேலை என மாணவர் வினவக்கூடும். மாவு ஆலையும் நூற்பாலையும் நீரிறைக்கும் பம்பும் எந்த மோட்டாரால் இயங்குகின்றனவோ, அதனைத் தந்தவரின் வாழ்க்கை துறை கடந்து யாவரும் அறியத்தக்கது என்பது நம் கருத்து.

நிக்கோலா டெஸ்லா 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள், இன்று குரோவேஷியாவில் உள்ள ஸ்மில்யான் என்னும் சிற்றூரில், செர்பியப் பாதிரியார் ஒருவரின் மகனாகத் தோன்றினார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பயின்றபோது, வகுப்பில் இயக்கிக் காட்டப்பெற்ற மோட்டார் ஒன்று அவர் கருத்தை ஈர்த்தது. நேர்மின்னோட்டத்தில் இயங்கிய அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தூரிகைகளின் வழியே சென்றது. திசைமாற்றியின்மீது அவை உராயுந்தோறும் தீப்பொறி பறந்தது. பொறி பறக்குமிடத்தில் தேய்வு உண்டு. தேய்வுள்ள இடத்தில் பழுதும் பணித்தடையும் செலவும் உண்டு. அப்பகுதியையே நீக்கிவிடலாகாதா எனக் கேட்ட மாணவரை, அது நடவாத செயல் என விரிவாக விளக்கி அமர்த்திவிட்டார் பேராசிரியர். ஆசிரியராகிய நாம் இதனைச் சற்றே நாணத்துடன்தான் எழுதுகிறோம்.

விடை 1882இல், புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பருடன் உலவுகையில் கிட்டியது. முன்பின்னாக எழுந்து தாழும் மாறுமின்னோட்டங்களை அசையாத சுருள்களில் செலுத்தினால், காந்தப்புலம் தானே சுழலும். அப்புலம் நடுவிலுள்ள சுழலியில் தூண்டலால் மின்னோட்டத்தை எழுப்பி, அதனைத் தன்னுடன் இழுத்துச் சுழற்றும். தூரிகை வேண்டா, திசைமாற்றியும் வேண்டா. உராய்ந்து தேய்வதற்கு எஞ்சுபவை பேரிங்குகளே. இத்தாலியரான பெராரிசும் இக்கருத்தைத் தனித்துக் கண்டு 1888இல் வெளியிட்டார். இன்றைய மும்முனை மோட்டாரின் வடிவம் 1889இல் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கியின் கைவண்ணத்தால் அமைந்தது. உண்மை இவ்வாறிருக்க, அனைத்தையும் டெஸ்லா ஒருவர்மீதே ஏற்றிப் புகழ்வது முறையன்று.

1884இல் அமெரிக்கா சென்ற டெஸ்லா, எடிசனிடம் சில காலம் பணியாற்றி விலகினார். பின்னர்ப் பங்காளிகளால் கைவிடப்பட்டு, பள்ளம் தோண்டும் கூலியாகவும் உழைத்தார். 1888 மே மாதத்தில் காப்புரிமைகள் கிடைத்தன. வெஸ்டிங்ஹவுஸ் அவற்றைப் பெற்று, குதிரைத்திறன் ஒன்றுக்கு இரண்டரை டாலர் பங்குத்தொகை தர இசைந்தார்.

அந்நாளைய ஆலைகளில் ஒரே நீராவி எந்திரம், கூரையடியில் ஓடிய நெடுந்தண்டின் வாயிலாகத் தோல்பட்டைகளைக் கொண்டு எல்லாப் பொறிகளையும் இயக்கியது. ஒரு தறி மட்டும் ஓடினும் தண்டு முழுவதும் சுழலவேண்டும். ஆற்றலின் பெரும்பகுதி உராய்விலேயே அழிந்தது. பொறிக்கொரு மோட்டார் வந்தபின் வேண்டாதபோது நிறுத்தும் சிக்கனம் கைகூடிற்று. ஆயினும் மோட்டாரின் விலையினும் அது ஆயுள் முழுவதும் உண்ணும் மின்சாரத்தின் விலை பன்மடங்காகும். மலிவென்று வாங்கிக் காயில் கட்டியே களைத்தோர் இதனை நன்கறிவர். உலகின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இன்று மோட்டார்களே கொள்கின்றன என மதிப்பிடுவர்.

நெருக்கடியில் இருந்த வெஸ்டிங்ஹவுசுக்காக டெஸ்லா ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தார் என்பது வழிவழிக் கதை; கிழித்தாரோ இல்லையோ, அப்பங்குத்தொகையை அவர் விட்டுக்கொடுத்தார். 1897இல் 2,16,000 டாலருக்குக் காப்புரிமைகள் முற்றிலும் கைமாறின. அப்பணமும் ஆய்வுகளில் கரைந்தது. 1934 முதல் அவருடைய விடுதி வாடகையை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமே செலுத்தி வந்தது.

1943 ஜனவரி 7ஆம் நாள், நியூயார்க்கர் விடுதியின் 33ஆம் மாடியில் தனிமையில் அவர் உயிர் பிரிந்தது. அவ்விடுதி தனக்கென மின்னாக்கும் நிலையம் வைத்திருந்தது. அது தந்ததோ நேர்மின்னோட்டம்.