கொச்சி தந்த சேலம்

சேலம் என்றதும் நம்ம பசங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மாம்பழம், இரும்பாலை, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் போடும் சத்தம்! ஆனால் கொச்சியில் சேலம் என்பது ஒரு மனிதரின் பெயர். ஆபிரகாம் பாரக் சேலம். பெயரில்தான் ஒற்றுமை, நம்ம பக்கத்து ஊருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் ஒரு யூதர். வக்கீல், சட்டசபை உறுப்பினர், ‘யூத காந்தி’ என்று பெயர் வாங்கியவர்.

1882-ஆம் ஆண்டு, மன்னராட்சி நடந்த கொச்சி சமஸ்தானத்தில் பிறந்தார். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. டூரிஸ்ட்டுகள் வந்து அதன் நீல வண்ணச் சீனத் தரை ஓடுகளைப் பார்த்து அதிசயிக்கிறார்கள். ஆனால் அந்த அழகான தரைக்குப் பின்னால் ஒரு கசப்பான கதை உண்டு, நண்பர்களே!

கொச்சி யூதர்கள் கைப்பிடி அளவு கூட்டம்தான். அதற்குள்ளும் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று பிரிவு. இது போதாதென்று, அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசு என்று சில குடும்பங்களை இன்னும் கீழே தள்ளி வைத்திருந்தார்கள். ஒரே கடவுள், ஒரே வேதம். ஆனாலும் அவர்களுக்கு மற்றவர்களோடு சமமாக உட்கார இடமில்லை, வேதம் வாசிக்க உரிமை இல்லை. சேலம் பிறந்தது அப்படி ஒரு குடும்பத்தில். சாதி என்றால் என்னவென்று நம்ம ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், புரிந்திருக்கும்.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். அப்புறம் சென்னைக்கு வந்து பி.ஏ. முடித்தார். அவருடைய பிரிவில் அவர்தான் முதல் பட்டதாரி! அதோடு விடவில்லை, சட்டமும் படித்தார். கொச்சி யூதர்களிலேயே முதல் வக்கீல் ஆனார். ஒதுக்கி வைத்தவர்கள் வீட்டில்கூட அதுவரை ஒரு வக்கீல் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஊர் திரும்பி எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில் செய்தார். நல்ல வருமானம், மரியாதை என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் தலை தூக்கிக் கொண்டிருந்த தொழிற்சங்க இயக்கத்துக்குத் துணை நின்றார். 1925 முதல் 1931 வரையும், மறுபடி 1939 முதல் 1945 வரையும் கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1929-இல் நேரு தலைமையில் லாகூர் காங்கிரஸ் பூரண சுதந்திரத் தீர்மானம் போட்டதே, அந்த மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

வெளியே நாட்டுக்கு விடுதலை கேட்டவர் உள்ளே தன் ஆலயத்தில் சும்மா இருப்பாரா? 1924-25-இல் பக்கத்துத் திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் நடந்து முடிந்திருந்தது. நம்ம ஈரோட்டுப் பெரியார் போய் சிறை சென்றாரே, அதேதான். சேலமும் காந்தி வழியையே பிடித்தார். பிள்ளைகளோடு சேர்ந்து ஆலயத்தைக் கொஞ்ச காலம் புறக்கணித்தார். கறுப்பு யூதர்களின் ஆலயத்துக்குப் போய்த் தொழுதிருக்கலாம். அப்படிச் செய்யாமல், இந்த ஆலயத்தின் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தொழுத நாட்களும் உண்டு. கோட்டு போட்ட வக்கீல், சட்டசபை உறுப்பினர், வெளிப்படிக்கட்டில்! பார்க்கிறவன் மனசு உறுத்தாமல் இருக்குமா? 1930-களின் நடுவில் பழைய தடைகள் பல விழுந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அவர் மகனே ஒரு வெள்ளை யூதப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். எதிர்ப்பு கிளம்பத்தான் செய்தது, ஆனாலும் நடந்தது.

1933-இல் பாலஸ்தீனம் போய் வந்தார். 1948-இல் இஸ்ரேல் உருவானதும் கொச்சி யூதர்கள் அங்கே குடியேற விரும்பினார்கள். யானைக்கால் நோய் பரவிவிடும் என்று பயந்து அந்த நாட்டு அதிகாரிகள் தயங்கினார்கள். 1953-இல் சேலமே நேரில் போய்ப் பேசினார். அடுத்த ஓரிரு வருஷத்தில் பெரும்பாலானோர் கப்பல் ஏறினார்கள். மற்றவர்களுக்காக வாதாடிய இவர் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. 1967-இல் இறக்கும் வரை கொச்சியிலேயே வாழ்ந்தார். அவர் பெயரில் அங்கே ஒரு சாலை இருக்கிறது.

இவரைப் பற்றி நான் ஏன் எழுதுகிறேன்? எங்க வீட்டில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர்கள்தான் எல்லோரும். அப்பா கிரானைட் பட்டறையில் கல் தூக்குகிறார். டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். நம்மில் பாதிப் பேர் கதை இதுதானே! போன லீவில் ட்ரெய்னிங் போன கம்பெனியில் கேன்டீனைப் பார்த்தேன். பர்மனென்ட் ஆளுக்கு ஒரு பக்கம், கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு பக்கம். ஒரே சாம்பார்தான், பெஞ்சு வேறு. நாளைக்கு நாமும் சூப்பர்வைசர் ஆவோம். நல்ல பெஞ்சில் இடம் கிடைக்கும். கிடைத்த பிறகு, எதிர்ப்பக்கம் இருக்கிறவர்களைத் திரும்பிப் பார்ப்போமா என்பதுதான் கேள்வி.

சேலம் முதலில் படித்தார். படித்ததைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சர்ட்டிபிகேட் கையில் வாங்கும் நாளில் இந்த ஒன்றை மறக்காமல் இருப்போம், நண்பர்களே!