காமா பயில்வான்: கோதாவுக்கு வெளியே நின்ற வீரம்

ஹட்டன், நுவரெலியா பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா நெருங்கும் நாட்களில், வேலை முடிந்த மாலைப்பொழுதில் லயத்து வாசலில் இளைஞர்களைக் கூட்டிச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் முதியவர்களைப் பலரும் கண்டிருப்பர். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மலையேறிய முன்னோர் கொண்டுவந்த அக்கலை, இத்தகைய ஆசான்களாலேயே இன்றளவும் உயிர்வாழ்கிறது. ஆயினும் அவர்களுடைய பெயர் தோட்டத்தின் எல்லையைத் தாண்டிச் செல்வது அரிது. களத்தில் நிற்கும் வீரனைக் கொண்டாடும் உலகம், களத்தை விட்டிறங்கி அவன் ஆசானாக அமரும்போது மறந்துவிடுகிறது. உலகமே வியந்த ஒரு மாபெரும் மல்லருக்கும் இதுவே நேர்ந்தது. அவர்தான் காமா பயில்வான்.

குலாம் முகம்மது என்னும் இயற்பெயர் கொண்ட காமா, 1878 ஆம் ஆண்டில் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில், காஷ்மீரிலிருந்து வந்து குடியேறிய மல்யுத்தக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாய்வழிப் பாட்டனாரும் மாமனாரும் கோதாவில் வளர்த்தனர். 1888 ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னர் நடத்திய உடற்பயிற்சிப் போட்டியில் நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்டனர். பஸ்கி எடுப்பதில் ஒவ்வொருவராகச் சோர்ந்து விலகிய அப்போட்டியில், கடைசிவரை தாக்குப்பிடித்த ஒரு சிலருள் பத்து வயதுச் சிறுவனான காமாவும் ஒருவர். அவரது இளவயதைக் கருதி மன்னர் அவரையே வெற்றியாளராக அறிவித்தார். பின்னர் தத்தியா சமஸ்தானம் அவருக்கு ஆதரவளித்தது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுப்பது அவருடைய வழக்கமாயிற்று.

1895 ஆம் ஆண்டில், அக்காலத்தில் இந்தியாவின் முதன்மை மல்லராக விளங்கிய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை எதிர்த்து நின்றபோது காமாவுக்கு வயது பதினேழு. ரஹீம் பக்ஷ் ஏறக்குறைய ஏழடி உயரம் கொண்டவர். காமாவின் உயரமோ ஆறடியை எட்டவில்லை. அப்போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தபோதே இளைஞரின் பெயர் நாடெங்கும் பரவியது.

1910 ஆம் ஆண்டில் தம்பி இமாம் பக்ஷுடன் காமா லண்டன் சென்றார். அங்கு நடைபெற்ற சர்வதேசப் போட்டியில், உயரம் போதாதென்று கூறி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். எந்த எடையுடைய மல்லரும் தம்மோடு மோதலாம் என அவர் பகிரங்கமாகச் சவால் விடுத்தார். அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலர் அவரிடம் தோற்றார். அதே ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் திகதி போலந்து நாட்டின் ஸ்தனிஸ்லாவ் ஸ்பிஸ்கோ அவரை எதிர்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக நீடித்த அப்போட்டியின் பெரும்பகுதியில் ஸ்பிஸ்கோ தரையோடு ஒட்டிக்கிடந்து தம்மைக் காத்துக்கொண்டார். ஒரு வாரத்தின் பின் நடைபெறவிருந்த மறுபோட்டிக்கு அவர் வரவில்லை. வெற்றிப்பட்டி காமாவுக்கே வழங்கப்பட்டது. வெள்ளையர் ஆட்சியின் தலைநகரிலேயே, அவ்வாட்சிக்கு உட்பட்ட ஒருவர் பெற்ற வெற்றி என்பதால் இதன் பொருள் மல்யுத்தத்தோடு நின்றுவிடவில்லை.

நாடு திரும்பிய காமா, ரஹீம் பக்ஷை அலகாபாத்தில் வென்று இந்தியாவின் தலைசிறந்த மல்லர் என்ற பட்டத்தைப் பெற்றார். 1928 ஆம் ஆண்டில் பட்டியாலா மன்னரின் ஏற்பாட்டில் ஸ்பிஸ்கோ மீண்டும் எதிர்ப்பட்டார். அப்போது காமாவுக்கு ஐம்பது வயது. லண்டனில் மணிக்கணக்கில் நீண்ட பிணக்கு இம்முறை ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்தது.

இவ்வளவும் அவருடைய உடல்வலிமையின் வரலாறு. அவ்வலிமைக்கான உண்மையான சோதனை 1947 இல் வந்தது. பிரிவினைக் காலத்தில் லாகூரில் வாழ்ந்த காமா, தமது தெருவில் குடியிருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கும்பலை மறித்து நின்றார் என்றும், பின்னர் அக்குடும்பங்களுக்கு உணவும் வழிச்செலவும் கொடுத்து எல்லைவரை பாதுகாப்பாக அனுப்பிவைத்தார் என்றும் அவரது குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். 1977 இலும் 1983 இலும் அயலவரைத் தம் வீட்டுக்குள் மறைத்துவைத்துக் காத்த மனிதர்களை அறிந்த நமக்கு இதன் பெறுமதியை எவரும் விளக்கவேண்டியதில்லை.

பிரிவினையோடு சமஸ்தானங்களின் ஆதரவு அற்றுப்போயிற்று. மன்னர்களின் கொடையால் வாழ்ந்த கோதாக்கள் கவனிப்பாரின்றிப் போயின. காமாவின் புதல்வர்கள் ஐவரும் இளமையிலேயே இறந்திருந்தனர். இந்நிலையிலும் அவர் கோதாவைக் கைவிடவில்லை. தம்பியின் மக்களுக்கு ஆசானாக அமர்ந்து, தாம் கற்ற பிடிகளையும் பூட்டுகளையும் அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்களுள் மூத்தவரான போலு 1949 இல் பாகிஸ்தானின் தலைசிறந்த மல்லரானார். 1976 இல் ஜப்பானின் புகழ்பெற்ற அன்டோனியோ இனோக்கியை எதிர்த்துக் களமிறங்கித் தோற்ற அக்ரம், போலுவின் தம்பி. மூன்றாண்டுகளின் பின் அதே இனோக்கிக்கு லாகூரில் ஈடுகொடுத்து நின்ற ஜாராவும் அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையே.

ஆசானின் இறுதிக்காலமோ துயரமானது. நோயும் வறுமையும் அவரைச் சூழ்ந்தன. செய்தியறிந்த இந்தியத் தொழிலதிபர் ஜி.டி. பிர்லா எல்லைக்கு அப்பாலிருந்து பணமும் மாதாந்த உதவியும் அனுப்பினார். பாகிஸ்தான் அரசும் உதவியது. எனினும் அவ்வுதவிகள் காலந்தாழ்ந்தே வந்தன. 1960 மே 23 ஆம் திகதி லாகூரில் காமா காலமானார். அவர் பயிற்சிக்குப் பயன்படுத்திய பாரமான வளையம் பட்டியாலா விளையாட்டு நிறுவனத்தின் காட்சியகத்தில் இடம்பெற்றது.

பொருளைப் பேணுவது எளிது. அதைத் தூக்கிய கையைப் பேணுவதே கடினம். மன்னர்கள் போனபின் பாரம்பரியக் கலைஞனைத் தாங்குவது யார் என்ற கேள்விக்குக் காமாவின் காலத்தில் விடை கிடைக்கவில்லை. தோட்டத்தை விட்டு நகரத்துக்குத் தொழில் தேடிச் செல்லும் இளைஞர்களைப் பார்த்தவாறு, சிலம்பத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் நமது முதிய ஆசான்களின் முன்னும் அதே கேள்வியே நிற்கிறது. திருவிழா மேடையில் பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பாடசாலைகளும் ஆலய பரிபாலன சபைகளும் அவர்களை அழைத்து, உரிய ஊதியம் வழங்கிக் கற்பிக்கச் செய்யவேண்டும். அவர்கள் இருக்கும்போதே அது நடக்கவேண்டும்.