ஐசக் வால்டன்

ஐசக் வால்டன் (1593 – டிசம்பர் 15, 1683) ஓர் ஆங்கில எழுத்தாளரும் வணிகரும் ஆவார். தூண்டில் மீன்பிடிப்புப் பற்றி இவர் எழுதிய த கம்ப்ளீட் ஆங்லர் என்னும் நூல் 1653 ஆம் ஆண்டில் வெளியானது. ஆங்கில மொழியில் மிகப் பல முறை மறுபதிப்புச் செய்யப்பட்ட நூல்களுள் இதுவும் ஒன்று. கவிஞர்கள் ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட் உள்ளிட்ட ஐவரின் வாழ்க்கை வரலாறுகளையும் வால்டன் எழுதியுள்ளார். குதிரை மயிரைத் தெரிந்தெடுத்துத் தூண்டில் நூல் திரிப்பது குறித்து இவர் தந்த விளக்கம், அக்கால மீன்பிடி கருவிகளை அறிய உதவும் சான்றுகளில் முக்கியமானது.

இளமையும் வணிகமும்

வால்டன் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் நகரில் பிறந்தார். இவரது திருமுழுக்கு 1593 செப்டம்பர் 21 அன்று நடைபெற்றதாகத் தேவாலயப் பதிவேடு காட்டுகிறது. இவரது சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். பின்னர் இலண்டன் சென்ற வால்டன், அங்கே துணி வணிகத்தில் ஈடுபட்டார். 1618 இல் இரும்பு வணிகர் சங்கத்தில் உறுப்புரிமை பெற்றார். பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் எனினும், இவர் வாழ்ந்த புனித டன்ஸ்டன் பங்கின் குருவாக இருந்த ஜான் டன்னின் நட்பு இவரை எழுத்துலகிற்கு அறிமுகப்படுத்தியது.

டன்னின் வாழ்க்கை வரலாற்றை எழுத முன்வந்தவர் அரசதந்திரியான சர் ஹென்றி வொட்டன் ஆவார். அவருக்காக வால்டன் தகவல்களைத் திரட்டி வந்தார். 1639 இல் வொட்டன் இறந்துவிடவே, வால்டனே அதை எழுதி 1640 இல் வெளியிட்டார். தூண்டில் கலை பற்றியும் ஒரு நூல் எழுத வொட்டன் எண்ணியிருந்தார் என வால்டன் குறிப்பிடுகிறார். அதனையும் வால்டனே பின்னர் எழுதினார்.

குடும்பமும் போர்க்காலமும்

1626 இல் ரேச்சல் ஃப்ளட் என்பவரை வால்டன் மணந்தார். இவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் அனைவரும் இளம் வயதிலேயே இறந்தனர். 1640 இல் ரேச்சலும் இறந்தார். பின்னர் இவர் ஆன் கென் என்பவரை மணந்தார். அவரும் 1662 இல் காலமானார். இரண்டாம் மணத்தின் பிள்ளைகளில் ஆன் என்ற மகளும் ஐசக் என்ற மகனும் மட்டுமே வளர்ந்து பெரியவராயினர்.

1642 இல் தொடங்கிய ஆங்கில உள்நாட்டுப் போரில் வால்டன் அரசர் பக்கம் சார்ந்திருந்தார். இவருடைய நண்பர்களான குருமார் பலர் தம் பதவிகளை இழந்தனர். 1651 இல் வூஸ்டர் போரில் தோற்றுத் தப்பிய இரண்டாம் சார்லஸின் அணிகலன் ஒன்று கைமாறி வால்டனிடம் வந்தது. இலண்டன் கோபுரச் சிறையில் இருந்த அரசரின் படை அதிகாரி ஒருவரிடம் வால்டன் அதைச் சேர்ப்பித்தார். பிடிபட்டிருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கும். இந்நிகழ்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வெளியானதே அமைதியையும் பொறுமையையும் போற்றும் இவரது மீன்பிடி நூல்.

த கம்ப்ளீட் ஆங்லர்

இந்நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. இரண்டாம் பதிப்பு முதல் மீன்பிடிப்பவர், வேட்டைக்காரர், பறவை வேட்டையாளர் ஆகிய மூவர் இதில் இடம்பெறுகின்றனர். இலண்டனுக்கு வடக்கே லீ ஆற்றுப் பகுதியில் நடந்து செல்லும்போது, மீன்பிடிப்பவர் தமது கலையை வேட்டைக்காரருக்குக் கற்பிக்கிறார். டிரவுட், சால்மன், கெண்டை, விலாங்கு முதலிய மீன்களின் இயல்பும் அவற்றைப் பிடிக்கும் முறையும் சமைக்கும் முறையும் விளக்கப்படுகின்றன. வால்டனின் வாழ்நாளில் 1653, 1655, 1661, 1668, 1676 ஆகிய ஆண்டுகளில் ஐந்து பதிப்புகள் வெளிவந்தன. 13 இயல்களுடன் தொடங்கிய நூல் ஐந்தாம் பதிப்பில் 21 இயல்களாக விரிந்தது.

தூண்டில் நூல் திரித்தல்

அக்காலத்தில் தூண்டில் நூல் பெரும்பாலும் குதிரையின் வால் மயிரைத் திரித்துச் செய்யப்பட்டது. மயிரின் நீளம் குறைவு என்பதால், சிறு துண்டுகளாகத் திரித்து அவற்றை முடிச்சிட்டு இணைத்தனர். மயிர் உருண்டையாகவும் தெளிவாகவும் வடுக்கள் இன்றியும் இருக்க வேண்டும் என்கிறார் வால்டன். கண்ணாடி நிறமுடைய நல்ல மயிர் ஒன்று, தேர்ந்தெடுக்கப்படாத மூன்று மயிர்களின் வலிமைக்கு ஈடாகும் என்பது அவர் கருத்து. கறுப்பு மயிர் பெரும்பாலும் உருண்டையாக இருக்கும் என்றும், வெள்ளை மயிர் பல வேளைகளில் தட்டையாக இருக்கும் என்றும் அவர் கூறுகிறார்.

திரிக்கும் முன் மயிரைக் கழுவி, ஒரே பருமனுள்ளவற்றை மட்டும் சேர்க்க வேண்டும். சமமான மயிர்கள் ஒன்றாக நீண்டு சுமையைப் பகிர்ந்துகொள்ளும். சமமற்றவை ஒவ்வொன்றாக அறுந்து, நம்பியவரை ஏமாற்றிவிடும். நூல் நீரில் தெரியாதிருக்க மது, புகைக்கரி, அக்ரூட் இலைச்சாறு, படிகாரம் ஆகியவற்றை அரைமணி நேரம் கொதிக்க வைத்து, ஆறிய பின்னர் அதில் மயிரை ஊறவைத்து வெளிர்பச்சை நிறம் ஏற்றும் முறையையும் வால்டன் தருகிறார்.

இந்த நூல் கோலின் நுனியிலேயே கட்டப்பட்டது. எனவே பெரிய மீன் இழுத்தால் விட்டுக்கொடுக்க மேலதிக நூல் இருக்காது. அத்தகைய வேளையில் கோலையே நீரில் எறிந்துவிட்டு, மீன் களைத்த பின்னர் மீட்டெடுப்பது வால்டனின் வழக்கம். சால்மன் பிடிப்போர் சிலர் கோலின் நுனியில் கம்பி வளையத்தையும் கைப்பிடியருகே நூல் சுற்றும் சக்கரத்தையும் பயன்படுத்தினர் என்றும் இவர் எழுதுகிறார். இன்றைய ரீலின் தொடக்க வடிவம் இச்சக்கரமே.

சார்லஸ் காட்டன்

கவிஞர் சார்லஸ் காட்டன் வால்டனை விட ஏறத்தாழ 37 வயது இளையவர். டவ் ஆற்றங்கரையில் 1674 இல் அவர் கட்டிய மீன்பிடி மனையின் வாயிலில் இருவரது பெயரின் முதலெழுத்துகளும் பின்னிப் பொறிக்கப்பட்டுள்ளன. 1676 பதிப்பில், போலி ஈக்களைக் கொண்டு டிரவுட் பிடிப்பது குறித்த இரண்டாம் பகுதியை அவர் எழுதிச் சேர்த்தார். தூண்டில் முள்ளருகே இரண்டு மயிராகத் தொடங்கி, கோலை நோக்கிச் செல்லச் செல்ல ஏழு மயிர் வரை தடிக்கும் நூலை அவர் பரிந்துரைக்கிறார்.

விமர்சனங்கள்

வால்டன் பிறர் நூல்களிலிருந்து நிறைய எடுத்தாண்டுள்ளார். போலி ஈக்கள் பற்றிய பகுதிக்குத் தாமஸ் பார்க்கர் 1651 இல் வெளியிட்ட நூல் உதவியது என்பதை அவரே ஏற்றுக்கொண்டார். ஆயினும் 1577 இல் வெளியான, ஆசிரியர் பெயரற்ற மற்றொரு மீன்பிடி நூலின் ஒரே படி 1950களில் கண்டெடுக்கப்பட்டபோது, அதன் உரையாடல் அமைப்பு வால்டனின் நூலை ஒத்திருப்பது தெரியவந்தது. சில பைக் மீன்கள் நீர்ப்பூண்டிலிருந்து தோன்றுகின்றன என்ற தவறான செய்தியையும் வால்டன் எடுத்தெழுதினார். சமகாலத்தவரான ரிச்சர்ட் ஃபிராங்க், வால்டன் அனுபவத்தை விட ஏட்டறிவையே நம்பினார் எனக் கண்டித்தார். உயிருள்ள தவளையைத் தூண்டிலில் கோக்க வால்டன் கற்பித்தது பிற்காலத்தில் கொடுமை எனக் கண்டிக்கப்பட்டது.

இறுதிக்காலம்

வால்டன் தமது இறுதி ஆண்டுகளை வின்செஸ்டரில் கழித்து, 90 வயதில் அங்கேயே காலமானார். வின்செஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஷாலோஃபர்டில் தமக்கிருந்த பண்ணையின் வருவாயை ஸ்டாஃபர்ட் நகர ஏழைகளுக்குத் தொழிற்பயிற்சி, திருமண உதவி, குளிர்கால நிலக்கரி ஆகியவற்றுக்காக உயிலில் எழுதி வைத்தார். அங்குள்ள குடில் பின்னர் அருங்காட்சியகமாக்கப்பட்டது. 1922 இல் சிக்காகோவில் தோன்றிய நீர்வளப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

பிற்காலத் தூண்டில் நூல்கள்

குதிரை மயிருக்குப் பின்னர் பட்டு நூலும், 1930களின் இறுதியிலிருந்து தங்கூசி எனப்படும் நைலான் இழையும் பயன்பாட்டுக்கு வந்தன. இன்று ரீல்களில் சுற்றப்படும் பின்னல் நூல் பெரும்பாலும் பாலிஎதிலீன் இழைகளால் ஆனது. வழுக்கும் தன்மையுள்ள இந்நூல் ரீலில் நழுவாதிருக்க, அடியில் சிறிது நைலான் இழையைச் சுற்றுவர். தளர்வாகச் சுற்றினால் மேற்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்துவிடும் என்பதால் இழுத்துப் பிடித்தே சுற்றுவர். இழைகள் சமமாகச் சுமையைத் தாங்கினால்தான் நூல் வலிமை பெறும் என்று வால்டன் குதிரை மயிரைக் கொண்டு விளக்கியது இந்நூல்களுக்கும் பொருந்துகிறது.