வெளிச்சத்தில் குரல் அனுப்பிய பெல்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் என்றுதான் அலெக்சாண்டர் கிரகம் பெல்லைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். அவரோ தன்னுடைய கண்டுபிடிப்புகளில் மிகப் பெரியது வேறொன்று என நம்பினார். அது ஒளித்தொலைபேசி. கம்பியே இல்லாமல், சூரிய வெளிச்சத்தில் குரலை ஏற்றி அனுப்பும் கருவி.

பெல் 1847 மார்ச் 3இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். தாயாருக்குக் காது சரியாகக் கேட்காது. தகப்பனார் பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அண்ணனையும் தம்பியையும் காசநோய் கொண்டுபோனது. மிஞ்சிய பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1870இல் குடும்பம் கனடாவுக்குக் கப்பலேறியது. அவர்கள் குடியேறிய பிரான்ட்போர்ட், இன்று எங்கள் உறவுகள் திரளாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு பொஸ்டனுக்குப் போய்க் காது கேளாதோருக்குப் பேசக் கற்பித்தார். அங்கே மாணவியாக வந்த மேபலை 1877இல் மணந்தார். ஐந்து வயதில் வந்த காய்ச்சலால் செவிப்புலனை இழந்தவர் மேபல். கணவருக்கு உலகப் புகழ் தந்த தொலைபேசியில் ஒரு சொல்லைக்கூட அவர் கேட்டதில்லை.

தொலைபேசிக்குக் காப்புரிமை கிடைத்தது 1876இல். நான்கு ஆண்டுகள் கழித்து, 1880 பெப்ரவரியில், வொஷிங்டனில் உதவியாளர் சாள்ஸ் சம்னர் டெயின்டருடன் சேர்ந்து பெல் ஒளித்தொலைபேசியை இயக்கிப் பார்த்தார். அதே மாதம் பிறந்த இரண்டாவது மகளுக்கும் அந்தக் கருவியின் பெயரையே வைக்க ஆசைப்பட்டாராம். நல்லவேளை, மேபல் சம்மதிக்கவில்லை.

கருவி எளிமையானது. பேசும் குழாயின் முனையில் மெல்லிய கண்ணாடி. அதில் சூரிய ஒளி பட்டுத் தெறிக்கும். பேசும்போது கண்ணாடி அதிர, தெறிக்கும் ஒளி கூடிக் குறையும். மறுமுனையில் கிண்ணம் போன்ற ஆடி அந்த ஒளியைச் செலீனியத்தின் மீது குவிக்கும். வெளிச்சம் கூடினால் செலீனியத்தில் மின்சாரம் இலகுவாகப் பாயும், குறைந்தால் தடைப்படும். அந்த ஏற்ற இறக்கம் காதுக்கருவியில் மீண்டும் குரலாகும். 1880 ஜூன் 3இல் டெயின்டர் ஒரு பள்ளிக்கூடக் கூரையில் நின்று பேசினார். 213 மீற்றர் தள்ளி, ஆய்வுகூடத்தில் இருந்த பெல்லுக்கு அது கேட்டது. ஜன்னலுக்கு வந்து தொப்பியை அசைக்கும்படி டெயின்டர் சொல்ல, பெல் அசைத்தார்.

முகில் மறைத்தால் பேச்சு நின்றுவிடும். மழையும் பனிமூட்டமும் அப்படியே. கருவி சந்தைக்குப் போகவில்லை.

பெல்லை முழுவதுமாக மெச்ச என்னால் முடியாது. சைகை மொழியில் கற்பிப்பதை அவர் எதிர்த்தார். காது கேளாதோர் தமக்குள் மணம் முடிப்பது நல்லதல்ல என்று 1880களில் எழுதினார். ஷெல் சத்தத்தில் செவிப்புலன் போனவர்கள் வாழும் மண்ணிலிருந்து பார்க்கும்போது, குரலுக்காக உழைத்தவர் கைகளின் மொழியை மதிக்காதது உறுத்துகிறது.

1922 ஓகஸ்ட் 2இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பெல் காலமானார். அடக்கத்தின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனித்தன. சிதறாமல் நெடுந்தூரம் போகும் லேசர் ஒளி வந்தது 1960இல்தான். இன்று கூகிளின் தாய் நிறுவனத்தில் தொடங்கிய டாரா என்ற முயற்சி, சென்னையில் வளர்ந்த மகேஷ் கிருஷ்ணசுவாமியின் தலைமையில், லேசர் கதிரில் இணையம் அனுப்புகிறது. கொங்கோ ஆற்றின் இரு கரைகளில் உள்ள பிராசவில், கின்ஷாசா நகரங்களுக்கிடையே சுமார் 5 கிலோமீற்றர்தான். ஆனால் கேபிள் 400 கிலோமீற்றருக்கு மேல் சுற்றிவர வேண்டியிருந்தது. 2021இல் லேசர் கதிர் ஆற்றை நேராகத் தாண்டியது.

இதை வாசித்தபோது எனக்குக் கொட்டியாரக் குடாதான் நினைவுக்கு வந்தது. 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது நான் திருகோணமலையில் பள்ளிக்கூடப் பிள்ளை. அக்கரை கண்ணுக்குத் தெரிந்தது, அங்கிருந்த பெரியம்மாவின் செய்தி மட்டும் வரவில்லை. அவர் உயிரோடிருப்பதை, நடந்து தப்பி வந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம். லேசர் இருந்திருந்தாலும் கதை மாறியிருக்குமா? கதிரை அணைக்க ஒரு சுவிச் போதும், போரில் அது யார் கையில் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

டாராவின் கருவி 20 கிலோமீற்றர் வரை எட்டும் என்கிறார்கள். துறைமுகத்திலிருந்து மூதூருக்குக் கடல்வழியாக அதைவிடக் குறைவுதான். மாரி மழை கொட்டும் நாட்களில் மட்டும், பெல்லுக்கு வந்த அதே தொல்லை இந்தக் கதிருக்கும் வரும்.