அலெக்சாந்தர் சோமா

கல்கத்தா மாநகரில் ஆசியக் கழகம் என்னும் அறிஞர் கூட்டம் சர் வில்லியம் ஜோன்ஸ் என்பவரால் 1784-ம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலேயே, ஹங்கேரிய இனத்தார் வாழும் திரான்சில்வேனியா நாட்டிற் கோரோஸ் என்னும் சிற்றூரில் வறிய குடியொன்றிற் பிறந்தவர் அலெக்சாந்தர் சோமா. அக்கழகமும் அப்பெரியாரும் பின்னாளில் ஒன்றையொன்று சார்ந்தமை பலரும் அறிந்தது. சாருமுன் அவரிடை நேர்ந்த மனவேறுபாட்டை அறிந்தார் சிலரே. தம்மைப்பற்றிப் பேசுதலை அறவே விரும்பாத அவருடைய வரலாறு நமக்குக் கிடைத்தது, அரசாங்கத்தார்க்கும் கழகத்தார்க்கும் அவர் கடிதமெழுதிக் கணக்குக் கொடுக்க நேர்ந்ததனாலேயாம்.

இளமையிற் சோமா பொருளின்மையால், தாம் கற்ற கல்லூரியிலேயே பணிவிடை செய்து உண்டியும் கல்வியும் பெற்றார். பின்னர் 1816 முதல் 1818 வரை ஜெர்மானிய தேசத்துக் கொத்திங்கன் பல்கலைக்கழகத்திற் பயின்றார். ஹங்கேரியர் ஐரோப்பாவின் நடுவே வாழினும் அவர்தம் மொழி அண்டையிலுள்ள பெருமொழிகளோடு உறவுடையதன்று. ஆதலின் அவர் முன்னோர் ஆசியாவின் உள்நாட்டினின்றும் போந்தவரென்றும், அவர் தாயத்தார் ஆண்டு இன்னும் இருத்தல் கூடுமென்றும் அக்காலத்தில் ஒரு கருத்து நிலவிற்று. அதனை நேரிற் கண்டு துணிதலே தம் வாழ்நாட் கடனெனக் கொண்டார் சோமா. 1819-ம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்டு, அலெக்சாந்திரியா, அலெப்போ, பாக்தாத், தெஹ்ரான், புகாரா, காபூல், லாகூர், காச்மீரம் ஆகிய இடங்களைக் கடந்து, 1822-ல் லடாக்கிலுள்ள லே என்னும் நகரை எய்தினார். அப்பாற் செல்லும் வழி பொருட்செலவும் இடரும் மிக்கதாக இருந்தமையின் மீண்டார்.

மீளும் வழியில் கும்பினியாரின் குதிரைப்பண்ணைத் தலைவராகிய மூர்கிராப்ட் என்பவரைக் கண்டார். அவர், திபேத்திய எழுத்தைப்பற்றி 1762-ல் உரோமாபுரியில் அச்சான நூலொன்றை இவர்க்கு ஈந்து, அம்மொழியைக் கற்குமாறு தூண்டினார். தம் இனத்தாரைப்பற்றிய குறிப்பு அம்மொழி நூல்களிற் கிடைத்தல் கூடுமென எண்ணிச் சோமாவும் இசைந்தார். இதுவே அவர் வாழ்க்கையின் திருப்பம்.

1823-ம் ஆண்டு நடுவில் ஜான்ஸ்கார் நாட்டுச் சாங்லா என்னும் ஊரை அடைந்து, சங்கே புன்சோக் என்னும் லாமாவை ஆசிரியராகக் கொண்டு பதினாறு திங்கள் பயின்றார். ஒன்பதடிச் சதுரமான அறை ஒன்று. தீ வளர்த்தற்கு இடமில்லை. இருட்டியபின் விளக்கில்லை. வெறுந்தரையே படுக்கை. ஆட்டுத்தோற் போர்வையுட் கைகளை ஒடுக்கிக்கொண்டு காலைமுதல் மாலைவரை படித்தார். ஏட்டைப் புரட்டுதற்குக் கையை வெளியே நீட்டுவதும் அக்குளிரில் அரிதாயிருந்ததாம். லாமாக்களின் திருநூற்றொகுதிகள் இரண்டு. கஞ்சூர் நூறு ஏடும், தஞ்சூர் இருநூற்றிருபத்தைந்து ஏடும் உடையன. தஞ்சூரென்பது ஈண்டு நூற்பெயர், நம் தஞ்சையன்று. புறச்சமய நூல்களாகிய இவற்றால் நமக்கென்னையெனின், வடமொழியில் மூலம் அழிந்தொழிந்த நூல்கள் பல இவற்றுள் மொழிபெயர்ப்பாக எஞ்சி நிற்கின்றன என்க.

1824-ம் ஆண்டு நவம்பரில், சிம்லாவுக்கு அணித்தாகிய சபாத்து என்னும் எல்லைப் பாசறைக்கு வந்தார். ஆங்குத் தலைவராயிருந்த கென்னடி, இவ்வயலார் யாவரென மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். அதன்மேற் சோமா தம் பிறப்பு, கல்வி, வழிச்செலவு யாவையும் விரித்து 1825-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு கடிதம் வரைந்தார். ஐயுற்றார்க்கு விடையாக எழுந்த அக்கடிதமே அவருடைய தன்வரலாறு ஆயிற்று. அரசாங்கத்தார் ஐயந்தீர்ந்து திங்கள் ஐம்பது ரூபாய் அளிக்க இசைந்தனர். இலக்கணமும் அகராதியும் செய்து தருவதாக அவரும் ஒப்பினார். மீண்டும் ஜான்ஸ்கார் சென்று புக்தால் மடத்திற் பயின்றும் வேலை முற்றுப்பெறவில்லை. அதற்கிடையே 1826-ல் சீராம்பூரில் வேறொரு திபேத்திய அகராதி வெளிவர, இவர் முயற்சி வேண்டற்பாலதோவென மேலிடத்தார் தயங்கினர். ஒருவாறு 1827-ல் மேலும் மூன்றாண்டுக்கு இசைவு கிடைத்தது. சத்திலெச் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள கானம் என்னும் ஊரின் மடத்தை அடைந்து வேலையைத் தொடர்ந்தார்.

1828-ல் அவரை அங்கே கண்ட ஜெரார்டு என்னும் மருத்துவர், பெற்ற ஐம்பதிற் பாதியை லாமாவுக்குக் கொடுத்துவிட்டு எஞ்சியதில் வெண்ணெய் கலந்த தேநீரே பெரிதும் உணவாக அவர் வாழ்ந்த நிலையைக் கண்டு உருகி எழுதினார். அது கல்கத்தாவிற் பரவவே, ஆசியக் கழகத்தார் 1829-ல் தாமும் திங்கள் ஐம்பது ரூபாய் உதவுவதாகவும், நூல்கள் அனுப்புவதாகவும் தெரிவித்தனர். சோமா அப்பணத்தைத் திருப்பியனுப்பினார். 1823-ல் காச்மீரத்தில் ஒரு நூலுமின்றித் தவித்தபோது மூர்கிராப்ட் வாயிலாகச் சில நூல்களைக் கழகத்தாரிடம் வேண்டியதனையும், ஒன்றும் வாராது ஆறாண்டு தாம் புறக்கணிக்கப்பட்டதனையும் காரியதரிசியாகிய வில்சனுக்கு எடுத்தெழுதி, இனி நூல்களும் வேண்டா, மறு ஆண்டில் வேலை முடிந்துவிடும் எனக் கூறி நிறுத்தினார்.

இதனைச் செருக்கென்பாரும் உளர். அடியேன் அங்ஙனங் கொள்ளேன். அரசாங்கத்தார் பணத்தையே நூலெழுதித் தீர்க்கவேண்டிய கடனாகக் கருதியவர், அக்கடன் தீருமுன் மற்றொன்றை ஏற்றல் எங்ஙனம்? ஆயினும் நூல்களையும் மறுத்தது மிகையென்றே படுகின்றது. புண்பட்ட மனம் அங்கே பேசிற்றுப் போலும். தமிழ் ஏடு வேண்டி ஊர்தோறும் எழுதி மறுமொழி காணாது வருந்தியவர்க்கு அம்மனநிலை நன்கு விளங்கும்.

சொன்ன சொற் பிழையாது 1831-ல் கல்கத்தா சேர்ந்தார். மனவேறுபாட்டை வளர்த்தாரல்லர், கழகத்தின் திபேத்திய ஏடுகளை வகைப்படுத்தும் பணியை மேற்கொண்டார். புதிய காரியதரிசி ஜேம்ஸ் பிரின்செப் இவரிடம் பேரன்பு பூண்டார். அரசாங்கச் செலவில் 1834-ல் அகராதியும் இலக்கணமும் ஐந்நூறு ஐந்நூறு படிகளாக அச்சேறின. அகராதியின் முகப்பேட்டிலேயே லாமா சங்கே புன்சோக் பெயரை, அவர் துணையால் இது செய்யப்பட்டதெனத் தம் பெயரோடு பொறித்தார். அயல்நாட்டார் பலர் நம் நாட்டுப் பண்டிதரிடங் கற்று நூல் செய்தனர். அப்பண்டிதர் பெயரை முகப்பில் இட்டார் மிகச் சிலர். கழகம் அவ்வாண்டே இவரைத் தன் சிறப்புறுப்பினராக்கிற்று.

1837-ன் இறுதிமுதல் கழகத்தின் நூல்நிலையக் காப்பாளராயிருந்தார். உறையுளும் அக்கட்டடமே. நூற்பெட்டிகளின் நடுவே பாய் விரித்துத் துயின்றார். தாய்நாட்டிலிருந்து அன்பர் திரட்டியனுப்பிய பொருளை ஆங்குள்ள மாணாக்கர் கல்விக்கே திருப்பி உதவினார். தேடிப் புறப்பட்டதோ இன்னுங் கைகூடவில்லை. 1842-ல், ஐம்பத்தெட்டாம் அகவையில், லாசாவுக்குச் செல்லப் புறப்பட்டார். தராய்க் காட்டைக் கடக்கும்போது பற்றிய சுரத்தால் ஏப்ரல் 11-ல் டார்ஜிலிங்கிற் காலமானார்.

அவ்வூர் அதிகாரியாகிய மருத்துவர் காம்பெல் கழகத்துக்கு எழுதிய கடிதத்தில், இவர் இறுதிவரை தம் இனத்தாரின் பிறப்பிடத்தைப்பற்றியே ஆர்வத்தோடு பேசியதனையும், விட்டுச்சென்ற பொருள்களையும் குறித்துள்ளார். நூலுந் தாளும் நிறைந்த நான்கு பெட்டிகள், எப்போதும் உடுத்திருந்த நீலவுடை ஒன்று, சில சட்டைகள், சமைக்கும் பாண்டம் ஒன்று, செலவிடாத பணம் ஆகியன. கழகத்தார் ஆயிரம் ரூபாய் ஒதுக்கி அவர்க்குக் கல்லறை எடுப்பித்தனர்.

இக்கடிதங்களை அரசாங்க ஏடுகளினின்றும் கழகத்து ஏடுகளினின்றும் தேடித் தொகுத்து, 1885-ல் அவர் சரித்திரத்தை வெளியிட்டவர், வங்காளப் படையில் மருத்துவராயிருந்த தியோடர் தூக்கா என்னும் மற்றொரு ஹங்கேரியரே. வடமொழியும் திபேத்தியமும் ஆங்கிலமுமாகச் சோமா தொகுத்த கலைச்சொற்றொகுதியோ கழகத்தின் மனையில் அச்சேறாது கிடந்து, அவர் மறைந்து ஏறத்தாழ எழுபதாண்டின் பின், 1910-ல் தான் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிற்று.