புயலை முன்கூட்டியே சொல்லத் துணிந்த கப்பல் தலைவர்

வெளியே கிளம்புமுன் கைப்பேசியில் வானிலையைப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. மழை வரும் என்றால் குடையை எடுத்துக்கொள்கிறோம், வராவிட்டால் முணுமுணுக்கிறோம். ஆனால், ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பு, நாளைய வானிலையைப் பொதுமக்களுக்குச் சொல்லத் துணிந்த ஒருவர் பெரும் கேலிக்கு ஆளானார். அவர்தான் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்ல்ஸ் டார்வின் பயணம் செய்த பீகல் கப்பலின் தலைவர் என்றே பலரும் அவரை அறிவர்.

1805ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் உயர்குடிக் குடும்பமொன்றில் பிறந்த ஃபிட்ஸ்ராய், 12 வயதிலேயே போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். தென்னமெரிக்கக் கரையோரத்தை அளந்துகொண்டிருந்த பீகல் கப்பலின் தலைமைப் பொறுப்பு 1828ல் அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 23.

பாதரசம் கற்பித்த பாடம்

1829 ஜனவரி மாத இறுதியில், உருகுவேயின் மால்டொனாடோ கரைக்கு அருகே பீகல் சென்றுகொண்டிருந்தது. காற்றழுத்தமானியில் பாதரசம் இறங்கியிருந்தது. காற்றழுத்தம் குறைவது புயல் நெருங்குவதற்கான அறிகுறி. இளம் தலைவரோ அதற்கு உரிய கவனம் கொடுக்கவில்லை. நிலப்பகுதியிலிருந்து திடீரெனச் சீறி வந்த சூறைக்காற்று கப்பலைச் சாய்த்தது. இரண்டு மாலுமிகள் உயிரிழந்தனர்.

அதன் பிறகு ஃபிட்ஸ்ராய் காற்றழுத்தமானியை அலட்சியப்படுத்தியதே இல்லை. டார்வினை ஏற்றிக்கொண்டு 1831 டிசம்பரில் பிளிமத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோதும் காற்றின் போக்கே பயண நாளை முடிவுசெய்தது. இரண்டு முறை புறப்பட்டும் எதிர்க்காற்றால் திரும்ப நேர்ந்தது. டிசம்பர் 27ஆம் தேதிதான் கப்பலால் கிளம்ப முடிந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நீடித்த அப்பயணத்தில், காற்று இடம் கொடுத்த நாள்களில் கரையோரத்தை அளந்தார்கள். கொடுக்காத நாள்களில் வளைகுடாக்களில் நங்கூரமிட்டுக் காத்திருந்தார்கள்.

ஒரே இரவில் மூழ்கிய கப்பல்

நாடு திரும்பிய ஃபிட்ஸ்ராய் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நியூசிலாந்தின் ஆளுநராகவும் பணியாற்றினார். 1854ல் பிரிட்டிஷ் அரசாங்கம் வானிலைத் தகவல்களைத் திரட்ட ஒரு சிறிய பிரிவை அமைத்து, அதை அவரிடம் ஒப்படைத்தது. கப்பல்களிலிருந்து வரும் குறிப்புகளைத் தொகுப்பதுதான் அவரது வேலை. அத்துடன் அவர் நிற்கவில்லை. சொந்தமாக வாங்க வசதியில்லாத மீனவர்களுக்காகக் கரையோரச் சிற்றூர்களில் காற்றழுத்தமானிகள் வைக்கப்பட ஏற்பாடு செய்தார்.

1859 அக்டோபரில் பெரும்புயல் ஒன்று பிரிட்டனைத் தாக்கியது. மெல்பர்னிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ராயல் சார்ட்டர் கப்பல், துறைமுகத்தை நெருங்கும் நேரத்தில் வேல்ஸ் கரையோரப் பாறைகளில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் மாண்டனர். முன்கூட்டியே எச்சரித்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும் என்று ஃபிட்ஸ்ராய் நம்பினார்.

புயலைவிடத் தந்தி வேகமானது என்பதே அவரது திட்டத்தின் அடிப்படை. கரையோர நிலையங்கள் காலைதோறும் காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை ஆகியவற்றைத் தந்தி மூலம் லண்டனுக்கு அனுப்பின. ஆபத்து தெரிந்தால் துறைமுகங்களுக்கு உடனே தந்தி பறக்கும். அங்கே உயரமான கம்பத்தில் கூம்பு வடிவ அடையாளம் ஏற்றப்படும். கூம்பின் முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்து புயல்காற்று; கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது புரிந்தது. 1861 பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி, ‘தி டைம்ஸ்’ நாளிதழில் முதல் வானிலை முன்னுரைப்பு வெளிவந்தது.

கேலியும் கடனும்

முன்னுரைப்புகள் சில நேரங்களில் பொய்த்தன. நாளிதழ்கள் கிண்டலடித்தன. கோட்பாட்டு அடிப்படை இல்லாமல் ஊகிப்பது அறிவியலாகாது என்று அறிஞர்கள் சிலர் கண்டித்தனர். எச்சரிக்கை நாள்களில் படகுகள் கரையிலேயே நின்றதால், வருமானம் போனதென்று படகு உரிமையாளர்களும் குறைகூறினர். தாம் சோதிடம் சொல்லவில்லை, கிடைத்த அளவீடுகளைக் கொண்டு கணிக்கிறோம் என்று ஃபிட்ஸ்ராய் விளக்கியும் ஏளனம் ஓயவில்லை.

கப்பல் பணிகளுக்குச் சொந்தப் பணத்தைச் செலவிட்டிருந்த அவர் கடனிலும் இருந்தார். செவித்திறன் குறைந்தது, மனச்சோர்வு வாட்டியது. 1865 ஏப்ரல் 30ஆம் தேதி, 59 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டே முன்னுரைப்புகளும் புயல் எச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டன. அப்போதுதான் அவற்றின் அருமை தெரிந்தது. கடலை நம்பி வாழ்ந்தவர்கள் எச்சரிக்கைக் கூம்பு மீண்டும் வேண்டும் என்று கேட்டனர். 1867ல் புயல் எச்சரிக்கைச் சேவை திரும்பியது. நாளிதழ் முன்னுரைப்புகள் 1879ல் மீண்டும் வந்தன.

பிரிட்டனின் கப்பல் வானிலை அறிக்கையில் ஒரு கடற்பகுதிக்கு 2002ல் ஃபிட்ஸ்ராய் என்று பெயர் சூட்டப்பட்டது. அவ்வழியே செல்லும் மாலுமிகள், புறப்படலாமா அல்லது காத்திருக்கலாமா என்று முடிவெடுக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைக் கேட்கிறார்கள்.